ஒழுகிய ஞானஸ்நானத் தொட்டி: நான்கு மாதச் சனிக்கிழமைகள், 1,541 மலேசிய வெள்ளி

சனிக்கிழமை மாலை ஆறரைக்குத் தொட்டியில் 9 லிட்டர் தண்ணீர் ஊற்றினேன். நீர்மட்டம் நின்ற இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கூரான பென்சிலால் ஒரு கோடு போட்டு, மூடியைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். தூக்கம் சரியாக வரவில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்து திறந்தால் கோடும் தண்ணீரும் அதே இடத்தில் இருந்தன. ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. இந்த வேலையில் இதற்கு முன் மூன்று முறை “முடிந்தது” என்று நினைத்து ஏமாந்திருக்கிறேன். அதனால்தான் இதுவரை எதையும் எழுதவில்லை. இனி எழுதலாம்.

எங்கள் சபை பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த் பக்கம் இருக்கும் சிறிய தமிழ்ச் சபை. ஞாயிறு ஆராதனைக்கு எண்பது பேர் வந்தால் அன்று திருவிழா. நான் தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலை பார்ப்பவன். அளவெடுப்பது, கழற்றுவது, மாட்டுவது எல்லாம் வரும். சிமெண்டு வேலை தெரியாது. அது தெரியாமல் இறங்கியதால் வந்த செலவும் மேலே சொன்ன தொகைக்குள் அடக்கம்.

தொட்டி அப்போது பலிபீடத்துக்கு இடப்பக்கம், டிரம் செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருந்தது. மேலிருந்து கீழ்வரை வெள்ளை எனாமல் பெயிண்ட். ஞானஸ்நானம் என்றால் அதன் குழிக்குள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, கிண்ணத்தில்தான் தண்ணீர் ஊற்றுவோம். ஏன் என்று கேட்டால் “தொட்டி ஒழுகும்” என்பார்கள். எப்போதிருந்து என்றால், “முன்னால கொண்டு வந்ததிலிருந்து.” பதினைந்து வருடங்களுக்கு முன் கம்பளம், திரை, புரொஜெக்டர் எல்லாம் போட்டபோது வாசல் பக்கம் இருந்ததைத் தூக்கி முன்னே வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிறு பெயிண்ட் செதில் ஒன்று கிண்ணத்துக்குள் விழுந்து மிதந்தது. ஆராதனை முடிந்து போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டு, “தம்பி, ஒரு கோட் பெயிண்ட் அடிச்சிரலாமா?” என்றார். ஒரே ஒரு கோட் பெயிண்ட். அங்கேதான் ஆரம்பித்தது.

பெயிண்ட் அடிக்குமுன் சுரண்ட வேண்டுமே என்று ஓர் ஓரத்தைச் சுரண்டினேன். வெள்ளைக்குக் கீழே கிரீம், அதற்குக் கீழே வான நீலம், அதற்கும் கீழே இன்னொரு கிரீம். அதையும் தாண்டினால் பச்சை நிறத்தில் வெள்ளைச் சில்லுகள் பதித்த மொசைக். பழைய வீடுகளில் தரைக்குப் போட்டிருப்பார்களே, அதேதான். இப்போது கடையில் டெராசோ என்று சொன்னால்தான் புரிகிறது. நான் அதுவரை உள்ளே வெறும் சிமெண்டு என்றுதான் நினைத்திருந்தேன். விரல் நகம் அளவுக்குத் தெரிந்த அந்தப் பச்சையைப் பார்த்ததும் பெயிண்ட் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முதலில் அளவுகள். மேல் பாகம் எட்டு முகம், முகத்துக்கு முகம் 600 மி.மீ., உயரம் 250. குழியின் விட்டம் 400, ஆழம் 160, கொள்ளளவு சுமார் 12 லிட்டர். விளிம்பு அகலம் 100, அதாவது ஜெபப் புத்தகத்தையும் தண்ணீர் மொள்ளும் சிப்பியையும் வைக்கத் தாராளமாகப் போதும். கீழே 300 மி.மீ. அகலத்தில், 650 உயரத்தில் எட்டுமுகத் தூண். அதற்கடியில் 100 மி.மீ. பீடம். கணக்குப் போட்டால் மேல் பாகம் மட்டும் கிட்டத்தட்ட 150 கிலோ. இதை நாலு பேர் வெறுங்கையால் தூக்கி முன்னால் கொண்டுவந்தார்கள் என்று இப்போதும் பெருமையாகச் சொல்கிறார்கள். தொட்டி ஏன் ஒழுக ஆரம்பித்தது என்று அதைக் கேட்ட அன்றே யோசித்திருக்க வேண்டும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்க்கவே இல்லை. பெயிண்ட் நீக்கும் ஜெல்லைத் தடவி, மேலே சமையலறைப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஓர் இரவு விட்டேன். காலையில் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தால் நான்கு அடுக்கும் தோசை மாதிரி உரிந்து வந்தன. தட்டையான இடங்களில் சுகம். செங்குத்தான முகங்களில் ஜெல் வழுக்கிக் கீழே இறங்கிவிடும். மூன்று முறை தடவ வேண்டியிருந்தது. இரண்டு டப்பா, 116 வெள்ளி, இரண்டு சனிக்கிழமை. முகமூடி, கையுறை, எல்லா ஜன்னலும் திறந்தபடி. அப்படியும் மறுநாள் வந்த பாடகர் குழு மூக்கைப் பொத்திக்கொண்டது.

பெயிண்ட் போனதும் மூன்று விஷயங்கள் வெளியே வந்தன. ஒரு முகத்தில் விளிம்பிலிருந்து குழிவரை 2 மி.மீ. விரிசல். குழியின் நடுவில் சிமெண்டால் அடைத்த ஓட்டையும் அதைச் சுற்றித் துருக்கறையும். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும், 180 மி.மீ. இடைவெளியில் அடைபட்ட இரண்டு சிறிய துளைகள். மூன்றாவது என்ன என்று அப்போது புரியவில்லை.

இனி என் முட்டாள்தனங்கள்.

துருக்கறைக்கு ஹார்ட்வேர் கடையில் 19 வெள்ளிக்குத் துரு நீக்கும் திரவம் வாங்கினேன். ஊற்றியதும் சுர்ரென்று நுரைத்தது. நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அது அமிலம். மொசைக்கில் இருப்பது சலவைக்கல் சில்லு. அமிலம் பட்டால் கல்லே கரையும். கழுவிப் பார்த்தபோது கறை அப்படியே இருந்தது, அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு மினுக்கம் போய்க் குழிகுழியாக, பழைய பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது.

அடுத்தது எபாக்ஸி, அதாவது இரண்டு பாகத்தைக் கலந்தால் கல் மாதிரி இறுகும் பசை. 54 வெள்ளி. விரிசலைத் துடைத்து, நிறத்தூள் கலந்து நிரப்பி, அழகாக மட்டம் பிடித்தேன். தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன்; நின்றது. பத்தாம் நாள் எபாக்ஸி அசையாமல் இருக்க, அதற்குப் பக்கத்தில் முடி அளவில் புது விரிசல் ஒன்று ஓடியது.

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் மொசைக் தரை போட்டே காலத்தைக் கழித்த ஒரு சீன அங்கிள் இருக்கிறார் என்று தொழிற்சாலை நண்பர் சொன்னார். எழுபதைத் தாண்டியவர். வரமாட்டேன் என்றார். போனில் படம் அனுப்பினேன். மறுநாளே வந்துவிட்டார். சுத்தியலின் மரப் பிடியால் எட்டு முகத்தையும் வரிசையாகத் தட்டிக் காது கொடுத்தார். குழியின் நடுவைத் தட்டியபோது சத்தம் மாறியது எனக்கே கேட்டது. மலாயில் ஒரே கேள்விதான் கேட்டார்: “தண்ணீர் எந்த வழியாகப் போகும்?”

எனக்குத் தெரியவில்லை. கிண்ணம்தானே வைக்கிறோம்.

வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து குழிக்குள் வைத்தேன். சிமெண்டால் அடைத்த இடத்தில் கப்பென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்புக் குழாய். வடிகாலை அடைத்தவர்கள் குழாயை உள்ளேயே விட்டுவிட்டார்கள். இரும்பு துருப்பிடித்தால் ஊதும். ஊதும்போது சுற்றியிருக்கும் சிமெண்டைப் பிளக்கும். நான் மேலே எத்தனை எபாக்ஸி தடவினாலும் உள்ளே இருப்பது தள்ளிக்கொண்டேதான் இருக்கும். காந்தத்தை முதல் நாளே வைத்திருந்தால் 73 வெள்ளியும் ஒரு மாதமும் மிச்சம்.

எடை தூக்கும் செயின் பிளாக்கும் சாரக் குழாயும் வாடகைக்கு எடுத்து முக்காலி கட்டி, பட்டை வாரில் மேல் பாகத்தைத் தூக்கினோம். வாடகை 120 வெள்ளி. திரும்ப வைக்கும்போது இன்னொரு 120. இளைஞர் சங்கத்துப் பையன்கள் ஆறு பேர் வந்தார்கள். கைகொடுத்தது இரண்டு பேர், மீதி வீடியோ எடுத்தது. தூக்கிப் பார்த்தால் ஓர் அங்குலக் குழாய், துரு ஏறி இரண்டு அங்குலத்துக்குப் பருத்திருந்தது. வட்டமாகத் துளை வெட்டும் கோர் டிரில் வாடகைக்கு எடுத்து, 50 மி.மீ. துளையாகக் குழாயை வெட்டி எடுத்தோம்.

சரி, குழாய் கீழே எங்கே போனது? தொட்டி நின்ற இடத்தில் தரைக்கடியில் ஒன்றும் இல்லை. அப்படியானால் பழைய இடத்தில்தான் இருக்க வேண்டும். வாசலுக்கு உள்ளே கம்பளத்தைச் சுருட்டினோம். சிவப்புச் சிமெண்டுத் தரையில், நடுப்பாதையின் மையத்திலிருந்து 1.1 மீட்டர் தள்ளி, எண்கோண வடிவில் நிறம் வெளிறாத ஒரு திட்டு. அதன் நடுவே மூடிய ஒரு துளை. அடைப்பை உளியால் எடுத்துவிட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். முதலில் தயங்கி நின்றது. அப்புறம் ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம், வாளித் தண்ணீர் காணாமல் போனது. வெளியே ஓடிப் பார்த்தோம். சாக்கடையில் வரவில்லை. சுவரை ஒட்டி, செம்பருத்திச் செடி நிற்கும் இடத்தில் மண் நனைந்திருந்தது. அந்தக் காலத்தில் கட்டியவர்கள் ஞானஸ்நானத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் நேராக மண்ணுக்குள் விட்டிருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு தொட்டியைத் திரும்ப முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சபைக் கமிட்டியில் பேசினோம். பேசினோம் என்பது மரியாதைக்கு. முன்னால் இருந்தால்தான் எல்லாருக்கும் தெரியும் என்றது ஒரு பக்கம். வாசலில் இருந்தால்தான் சபைக்குள் நுழைவதன் அடையாளம் என்றது இன்னொரு பக்கம். போதகர் ஐயா இந்தச் சண்டை நமக்கும் முந்தியது என்றார். இங்கிலாந்துத் திருச்சபையின் 1603ஆம் ஆண்டு விதி ஒவ்வொரு ஆலயத்திலும் கல் தொட்டி வேண்டும், அதுவும் பழைய வழக்கப்படியான இடத்தில் வேண்டும் என்றது. 1645இல் வெஸ்ட்மின்ஸ்டரில், பழைய சடங்குகளை ஒழிக்க நினைத்த பியூரிட்டன்கள் வகுத்த ஆராதனை முறையோ, ஞானஸ்நானம் சபையார் முகத்துக்கு முன்னால் நடக்க வேண்டும், பழைய தொட்டிகள் நின்ற இடத்தில் கூடாது என்றது. அதனால் பிரஸ்பிட்டேரியன் கோயில்கள் பலவற்றில் பிரசங்க பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தோடு விஷயம் முடிந்துவிடும். பாப்டிஸ்ட் சபைகளில் ஆளே மூழ்கும் தொட்டி, அது வேறு கதை. “நாம கல் தொட்டியும் வச்சுக்கிட்டு அதுக்குள்ள கிண்ணமும் வச்சு ரெண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தியிருக்கோம்” என்று சிரித்தார்.

விவாதத்தை முடித்து வைத்தது இது எதுவும் இல்லை. மூத்த மூப்பர் ஒருவர் எழுந்து, “வாசல்ல வச்சா பெட்டி போகுமா?” என்றார். சவப்பெட்டியைச் சொல்கிறார். டேப்பை எடுத்துக்கொண்டு எல்லாரும் வாசலுக்குப் போனோம். மையத்திலிருந்து 1.1 மீட்டரில் தொட்டியின் பாதி அகலம் 300 மி.மீ. போனால் அந்தப் பக்கம் மட்டும் 800 மி.மீ.; மறுபக்கம் முழுதும் திறந்த இடம். தூக்குபவர்கள் இரண்டு பக்கம் நடந்தாலும் தாராளம், சக்கர நாற்காலிக்குப் பேச்சே இல்லை. முதலில் கட்டியவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள் போல. கைதூக்கினார்கள், வாசல் ஜெயித்தது. 1,500 வெள்ளி ஒதுக்கினார்கள். புதுக் கருங்கல் தொட்டிக்கு ஒருவர் 4,800 கேட்டிருந்தார், அடியில் சக்கரம் வைத்து.

இந்த இடைவெளியில் ஒரு நாள் பாலம் தாண்டி ஜார்ஜ் டவுனுக்குப் போய், செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தைச் சுற்றிப் பார்த்தேன். ராணுவப் பொறியாளர் கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்து, கைதிகளின் உழைப்பில் 1818இல் கட்டி முடித்தது. சென்னை செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தின் சாயல் என்பார்கள். எனக்குப் பிடித்த விவரம் கூரைதான். முதலில் தட்டைக் கூரையாக இருந்தது, பினாங்கு மழைக்குச் சரிப்படாமல் 1864இல் சாய்வுக் கூரையாக மாற்றினார்கள். ராணுவப் பொறியாளரே தண்ணீரிடம் தோற்றிருக்கிறார் என்று தெரிந்ததும் என் எபாக்ஸியை நினைத்து வெட்கப்படுவதை நிறுத்தினேன்.

விரிசலுக்கு வருவோம். அங்கிள் எபாக்ஸியை முழுக்கச் செதுக்கச் சொன்னார். 12 மி.மீ. அகலத்துக்கு ஓடை வெட்டினோம். கலவை எடைக் கணக்கில்: சில்லு ஐந்து பங்கு, வெள்ளை சிமெண்டு இரண்டு பங்கு. சில்லு 3 முதல் 5 மி.மீ. நிறத்தூள்தான் தலைவலி. ஐஸ்கிரீம் டப்பா மூடிகளில் ஆறு மாதிரி வார்த்தேன். ஈரத்தில் இரண்டாம் எண் அச்சு அசலாகப் பொருந்தியது. காய்ந்ததும் மோர் ஊற்றியது போல வெளிறிவிட்டது. ஏழு நாள் காயவைத்து, தேய்த்து, அப்புறம்தான் பொருத்தம் பார்க்க வேண்டும் என்றார் அங்கிள். நான்காம் எண் தேறியது. கலவையை அடைத்து, ஈரச் சாக்கு போர்த்தி ஏழு நாள் விட்டேன். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை தினமும் இரண்டு வேளை சாக்கை நனைத்தார். அவர் பெயர் எந்த ரசீதிலும் இல்லை.

தேய்ப்பு. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் பாலிஷ் மெஷின் என்னிடம் இருந்தது. மூன்று அங்குல வைரத் தட்டு ஒரு செட் ஏழு, 65 வெள்ளி. சொரசொரப்பு எண் 50இல் தொடங்கி 100, 200, 400, 800, 1500, 3000; எண் கூடக்கூடத் தட்டு வழவழப்பு. நூறு முடிந்ததும் ஊசித் துளைகள் தெரியும்; அவற்றைச் சிமெண்டுக் குழம்பால் மெழுகி, மூன்று நாள் விட்டு, மறுபடி நூறிலிருந்து தொடர வேண்டும். அவசரப்பட்டு 50ஐத் தாண்டினால் அதன் கீறல் 800 வரை கூடவே வரும். அமிலக் குழிகளை மட்டப்படுத்தவே அரை நாள் போய், முதல் செட்டின் 50ஆம் தட்டு மொட்டையானது. தனியாகக் கிடைக்காது என்று முழுச் செட்டையும் மறுபடி வாங்கினேன்.

தேய்க்கும்போது வரும் குழம்பை வாளியில் சேர்த்து வெளியே காயவைத்துக் குப்பையில் போட வேண்டும். புதிதாகத் திறந்த வடிகாலில் ஊற்றியிருந்தால் அங்கேயே இறுகியிருக்கும். ஊற்றப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கிள் கையைப் பிடித்துவிட்டார்.

மட்டம் பார்க்க அவர் ஸ்கேலைத் தொடவே இல்லை. கூரையில் இருக்கும் டியூப் லைட்டின் பிம்பத்தைத் தொட்டி விளிம்பில் பார்க்கச் சொன்னார். தலையை மெல்ல நகர்த்தினால் வெள்ளைக் கோடு விளிம்பின் மேல் ஊர்ந்து போகும். பழைய மொசைக்கிலிருந்து புதிய ஒட்டுக்குள் நுழையும் இடத்தில் அந்தக் கோடு நெளிந்தால் இன்னும் மேடு இருக்கிறது. என் விரலுக்குத் தட்டாத மேடு அந்த நெளிவில் தெரிந்தது. ஐந்து முறை தேய்த்த பிறகு கோடு நேராகப் போனது. மூன்று நாள் சம்பளமாக அவருக்கு 600 வெள்ளி கொடுத்தோம். அந்த ஒரு பாடத்துக்கே அது சரியாகப் போயிற்று.

மூடி கிடைத்த கதை தனி. விளிம்பில் இருந்த இரண்டு துளைகள் கீல் மாட்டியவை என்று அங்கிள் சொன்னார். கீல் இருந்தால் மூடி இருந்திருக்கும். பழங்கால இங்கிலாந்தில் தொட்டித் தண்ணீரை மந்திரத்துக்குத் திருடுகிறார்கள் என்று மூடிக்குப் பூட்டே போட்டார்களாம். எங்கள் மூடியை யாரும் திருடவில்லை. சபைச் சமையலறையில், பிரியாணிச் சட்டியை இறக்கி வைக்கும் பலகையாகக் கிடந்தது. எட்டு மூலை, ஒரு பக்கம் கீல் தழும்பு, நடுவில் வட்டவட்டமாகச் சூட்டுக் கறை. வருடக்கணக்கில் அதன்மேல் சட்டி வைத்த ஆன்ட்டிகளில் ஒருவர், “நாங்களும் கழுவித்தானே வச்சிருக்கோம்” என்று கோபித்துக்கொண்டார். மெர்பாவ் மரம். நனைந்தால் பழுப்புச் சாயம் விடும், மொசைக்கில் இறங்கினால் போகாது. அதனால் அடிப்பக்கத்தில் மூன்று கோட் வார்னிஷ். மேல்பக்கத்துச் சட்டி வளையங்களை லேசாகத் தேய்த்து அப்படியே விட்டுவிட்டேன். கீல் இருக்கும் பக்கம் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் போதகர் நிற்பார். தொட்டியை எப்படித் திருப்பி வைப்பது என்ற கேள்விக்கும் அந்த இரண்டு துளைகளே பதில்.

வடிகாலுக்கு 32 மி.மீ. பித்தளை வாய், ரப்பர் அடைப்பான், கீழே அதே அளவு பிளாஸ்டிக் குழாய். 50 மி.மீ. துளைக்கும் குழாய்க்கும் நடுவே இறுக்கமாகச் சிமெண்டு போடாமல், நெகிழும் சீலன்ட் நிரப்பினேன். தூணின் மேல் நான்கு ரப்பர் துண்டு, 3 மி.மீ. தடிப்பு, சுற்றிச் சுண்ணாம்புக் கலவை. அடுத்த முறை யாராவது தூக்க வேண்டி வந்தால் உடைக்காமல் தூக்கலாம்.

முதல் சோதனையில் ஓர் இரவுக்கு 7 மி.மீ. இறங்கியது. விரிசல் திறந்துவிட்டது என்று பயந்து விளக்கடித்துத் தேடினேன். ஒட்டு காய்ந்தே இருந்தது. பித்தளை வாயின் வாஷர் உட்காரும் இடம் கோர் டிரில்லின் சொரசொரப்போடு இருந்திருக்கிறது. அந்த வட்டத்தை மட்டும் 400 வரை தேய்த்து, சிலிக்கான் வைத்து மறுபடி மாட்டினேன். இரண்டாவது சோதனைதான் மேலே சொன்ன பென்சில் கோடு.

கறை இறங்காமல் கடைசியில் பூசும் சீலர் 88 வெள்ளி. பளபளப்பான வகையை வாங்காமல் உள்ளே ஊறும் வகையை வாங்கியது இந்த வேலையில் நானாக எடுத்த ஒரே நல்ல முடிவு. கணக்கு 1,541இல் நின்றது. 41 வெள்ளி என் பையிலிருந்து. அமிலம் பட்ட திட்டு காலை வெயில் வாசல் வழியாக வரும்போது இன்னும் மங்கலாகத் தெரியும். மறுபடி செய்தால் நிற மாதிரிகளை முதல் வாரமே வார்த்துவிடுவேன், பெயிண்ட் உரிக்கும் நாட்களிலேயே அவை காய்ந்திருக்கும்.

போன ஞாயிறுதான் முதல் ஞானஸ்நானம் நடந்தது. சபை முழுக்க வாசல் பக்கம் திரும்பி நின்றது. டிரம் வாசிக்கும் பையனுக்குத்தான் கஷ்டம், அவன் ஸ்டூலோடு திரும்பினான். போதகர் ஐயா சிப்பியில் மூன்று முறை மொண்டு ஊற்றினார். குழந்தை அழவில்லை, பாட்டி அழுதார். அடைப்பானை எப்போது எடுப்பது என்று மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. கோயில்பிள்ளை கடைசி ஜெபத்தின் நடுவில் எடுத்துவிட்டார். 9 லிட்டரும் இறங்கி முடிக்கும்போது குழாய் போட்ட கடகட சத்தம் பலிபீடம் வரை கேட்டது. ஜெபம் நின்றது. பிள்ளைகள் நாலைந்து பேர் எழுந்து செம்பருத்திச் செடியைப் பார்க்க வெளியே ஓடினார்கள். குழாயில் காற்றுப் போக்கி ஒன்று வைக்க வேண்டும். 20 வெள்ளிக்குள் முடியும் என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் ஆசீர்வாதம் சொல்லி முடித்த பிறகுதான் அடைப்பானை எடுப்பது என்று கமிட்டியில் எழுதி வைத்திருக்கிறோம்.